கலக்கினால் கலந்துவிடுமா?

பள்ளிக்கூடத்து இரசாயனச் சாலையில் ஒரு முறையேனும் தரம்பார்த்தவர்கள் எல்லோரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. கீழே கூம்புக் குடுவையில் நீர்த்த அமிலம். அதில் இரண்டு துளி ஃபினால்ஃப்தலீன். மேலே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. திருகைச் சற்றே திருப்பியதும் சொட்டு ஒன்று விழுகிறது. விழுந்த இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு சுருள் எழுகிறது. குடுவையைக் கையால் சுழற்றியதும் அந்தச் சுருள் நீண்டு, நூலாகி, மடிந்து, இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. இறுதிப்புள்ளி நெருங்க நெருங்க, போகலாமா வேண்டாமா என்று தயங்குவதுபோல அந்த நிறம் சிறிது நேரம் நிற்கவும் செய்கிறது. ‘நடுவில் தோன்றி மறையும் நிறத்தைப் பொருட்படுத்தாதே, நிலைத்து நிற்கும் நிறத்தையே கணக்கில் கொள்’ என்று ஆசிரியர் சொல்லிக் கொடுக்கிறார். தரம்பார்ப்பதற்கு அது சரியான உபதேசம். ஓடுகின்ற திரவத்தில் இரசாயன வினை எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்வதற்கு அதைவிடத் தவறான உபதேசம் இல்லை என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனியும் காரத்திலுள்ள ஹைட்ராக்சைடு அயனியும் சந்தித்துத் தண்ணீராவது, நீர்க்கரைசலில் நாம் அறிந்த வினைகளுக்குள் மிக விரைவானவற்றுள் ஒன்று. அதன் வேகத்தை அளக்கவே இயலாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஜெர்மானிய இரசாயனி மான்ஃப்ரெட் ஐகன் அதை அளந்து காட்டினார். அவ்வகை ஆராய்ச்சிக்காக 1967-இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றார். லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் என்ற அளவில் இரண்டும் ஒருமித்துக் கிடக்குமானால், அவை ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள ஒரு நானோவிநாடிகூட, அதாவது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்குகூட, வேண்டியதில்லை. ஆனால் நம் கண்முன்னே அந்த ரோஜாச் சுருள் ஒரு முழு விநாடி, சில வேளை இரண்டு விநாடி, உயிரோடு இருக்கிறது. வினை நூறு கோடி மடங்கு தாமதப்பட்டிருக்கிறது! தாமதப்படுத்தியது எது? அயனிகள் அல்ல, அவை தயாராகவே இருந்தன. அவற்றை ஒன்றின் அருகே மற்றொன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய திரவத்தின் சலனமே தாமதத்திற்குக் காரணம்.

இங்கே நான் மறுக்க முற்பட்டிருக்கும் அபிப்பிராயத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைப்பதுதான் நியாயம்; பூர்வபட்சத்தைக் கூறாமல் சித்தாந்தத்துக்குத் தாவுவது நம் மரபும் அன்று. அந்த அபிப்பிராயக்காரர் சொல்வது இது: வினையின் வேகம் என்பது மூலக்கூறுகளின் சுபாவத்தையும், செறிவையும், வெப்பநிலையையும் பொறுத்தது; சமன்பாட்டில் இவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு; கலக்குதல் என்பது ஆயத்த வேலை, சமையலுக்கு முன் பாத்திரம் கழுவுவதுபோல; அதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். சரியாகக் கலக்கவில்லை என்ற சந்தேகம் வந்தால் துடுப்பின் வேகத்தைக் கூட்டினால் போதும், திரவம் கொந்தளிக்கும், கொந்தளித்தால் கலந்துவிடும். அப்படியும் கலப்பில் சிறு குறை இருந்துவிட்டால், வினை முடியச் சற்று நேரம் கூடுமே ஒழிய, விளையும் பொருளில் மாறுதல் ஒன்றும் நேராது.

இந்த அபிப்பிராயம் அறியாமையில் பிறந்ததன்று. மந்தமான வினைகளைப் பார்த்துப் பார்த்துப் பிறந்தது. எதைல் அசிட்டேட் என்னும் எஸ்டரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு சிதைக்கும் பரிசோதனையைக் கல்லூரி மாணவர் எல்லோரும் செய்கிறார்கள். அறை வெப்பநிலையில், முன்சொன்ன அதே செறிவில், அதில் பாதி நடந்தேற ஏறக்குறைய தொண்ணூறு விநாடி பிடிக்கும். ஒரு விநாடியில் குடுவையைக் குலுக்கிக் கலந்துவிட்டு, மீதி எண்பத்தொன்பது விநாடியும் மூலக்கூறுகளின் சுபாவத்தை ஆராயலாம். கலக்கிய விதம் விடையில் தலைகாட்டாது. வேகவியல் என்னும் சாஸ்திரம் இத்தகைய வினைகளின்மேல் கட்டப்பட்டது, கட்டிடம் உறுதியானது, அதை இடிக்க எனக்கு ஆசையில்லை. மந்த வினைகளுக்கு உண்மையானதை எல்லா வினைகளுக்கும் உண்மை என்று கொண்டதும், அந்தக் குடுவைக்குப் பொருந்தியதைத் தொழிற்சாலைத் தொட்டிக்கும் நிலத்தடி நீருக்கும் கடலுக்கும் பொருத்தியதும்தான் தவறு.

முதலாவதாக, கலக்குதல் என்பதும் கலத்தல் என்பதும் ஒன்றல்ல. தமிழ் இலக்கணமே இங்கே எனக்குச் சாட்சி சொல்ல வருகிறது: கலக்குவது பிறவினை, கலப்பது தன்வினை. முன்னது நம் கையின் தொழில்; பின்னது திரவத்தின் தொழில். முன்னது நடந்தால் பின்னதும் நடந்தே தீரும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. அமெரிக்க விஞ்ஞானி கார்ல் எக்கர்ட் 1948-இல் கடலாராய்ச்சியை முன்னிட்டு எழுதிய கட்டுரையில் இந்தப் பேதத்தை வெகு தெளிவாக வகுத்துக் காட்டினார். அதைக் கண்ணால் காணவேண்டும் என்பவர்கள், கேம்பிரிட்ஜில் வாழ்ந்த திரவவியல் மேதை ஜி. ஐ. டெய்லர் 1960-களில் மாணவர்களுக்காக நடித்துக் கொடுத்த பாடப்படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள். இடையிலுள்ள வெளியில் கெட்டியான, பாகுபோன்ற திரவம். அதில் சாயம் ஊட்டிய அதே திரவத்தால் ஒரு சிறு திட்டு. கிழவர் நிதானமாக உள் உருளையைச் சுழற்றுகிறார். திட்டு இழுபட்டு நீள்கிறது, பட்டையாகிறது, சுற்றிச் சுற்றி வந்து வளையமாக மெலிகிறது, முடிவில் சாயம் இருந்ததற்கு அடையாளமாக ஒரு மங்கல் மட்டுமே தெரிகிறது. பார்க்கிறவன் சத்தியம் செய்வான், இது கலந்துவிட்டது என்று. பிறகு கிழவர் அதே உருளையை அத்தனை சுற்றும் எதிர்த்திசையில் திருப்புகிறார். மங்கல் கூடிக் கூடி, பட்டையாகி, குறுகி, பழைய இடத்தில் பழைய திட்டாகவே வந்து நிற்கிறது; விளிம்பு மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. கலக்கியது முழுவதும் உண்மை. கலந்தது அந்த மழுங்கிய விளிம்பின் அளவுதான். அந்தத் திட்டு அமிலமாகவும் சுற்றிலும் இருந்தது காரமாகவும் இருந்திருந்தால், இரண்டும் சந்தித்த இடமும் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

சந்திப்பை நடத்திவைப்பது விரவுதல். வெப்பத்தால் ஓயாமல் துடிக்கும் மூலக்கூறுகள் தாமாகவே ஊடுருவிப் பரவும் செயல். இது தூரத்துக்கு மிகவும் அஞ்சும் சுபாவமுடையது. தண்ணீரில் கரைந்த சிறு மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் தூரம் பரவ ஏறக்குறைய ஒரு லட்சம் விநாடி, அதாவது ஒரு பகலும் இரவும் கடந்து மேலும் சில மணி நேரம், வேண்டியிருக்கிறது. தூரம் ஒரு மில்லிமீட்டரானால் ஆயிரம் விநாடி, கால் மணிக்குச் சற்று மேல். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கானால், பத்தில் ஒரு விநாடி. தூரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் காலம் நூறில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே கலக்குகிறவனின் கடமை, மூலக்கூறுகளை வேகமாகச் சுற்றவைப்பது அன்று. அவை கடக்கவேண்டிய தூரத்தைச் சுருக்குவது. அதற்கு ஒரே வழிதான் உண்டு: திரவத்தை இழுத்து நீட்டி ஏடுகளாக மெலிதாக்குவது, பாத்திரத்துக்குள் அடங்குவதற்காக அதை மடிப்பது, மறுபடியும் நீட்டுவது. ஒரு சென்டிமீட்டர் தடித்த பட்டையை ஒவ்வொரு முறையும் இரு மடங்காக நீட்டி மடித்துக்கொண்டே போனால், பத்தாவது மடிப்பில் ஆயிரத்து இருபத்துநான்கு ஏடுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிப்பு. ஒரு நாளைக்கு மேல் பிடித்த காரியம் பத்து மடிப்பில் பத்தில் ஒரு விநாடிக் காரியமாகிவிட்டது! பரோட்டாக் கடையில் மாவை வீசிக் கண்ணாடிபோல் ஆக்கி, மடித்துச் சுருட்டும் கைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஏடுகளை ஒட்டவிடாமல் எண்ணெய் காக்கிறது. குடுவையில் காப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதே வித்தியாசம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமும் அன்று. கொந்தளிப்பு எப்போது தொடங்கும் என்று கூறும் எண்ணுக்குத் தம் பெயரைத் தந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ், 1894-ஆம் ஆண்டிலேயே லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில், நிறம் ஊட்டிய பட்டைகளைத் திரவத்தில் ஓடவிட்டு, கலப்பின் சாரம் இந்த நீட்டலும் மடித்தலுமே என்று காட்டியிருக்கிறார். அவர் கண்ட எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, அவர் காட்டிய பட்டைகளை மறந்துவிட்ட பரம்பரை நாம்.

அந்த எண்ணின் மீதுள்ள பக்தியிலிருந்துதான் இரண்டாவது தவறு கிளைக்கிறது: வேகமாகச் சுழற்று, கொந்தளிக்கவிடு, எல்லாம் கலந்துவிடும் என்பது. கொந்தளிப்பு நன்றாகக் கலக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அது கலக்குவதும் ஏடுகளை நீட்டி மடிப்பதால்தானே! ஆனால் கொந்தளிப்பு இல்லாவிட்டால் கலப்பில்லை என்பதும், வேகம் கூடினால் கலப்பும் கூடியே தீரும் என்பதும் பிழை. வட்டமாகச் சுற்றும் ஓட்டத்தில், கரண்டியை எத்தனை வேகமாகச் சுழற்றினாலும், ஏட்டின் நீளம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுகிறதே தவிர, இரண்டு நான்காகி நான்கு எட்டாகும் வளர்ச்சி அங்கே இல்லை. டெய்லரின் திட்டு திரும்பி வந்ததும் அத்தகைய சாது ஓட்டத்தில்தான்.

1984-இல் ஹசன் அரெஃப் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டினார். வட்டத் தொட்டி ஒன்றில் இரண்டு சுழல்கள். கொந்தளிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத எளிய ஓட்டம். இரண்டையும் ஒருசேர இயக்கினால், திரவத்தின் ஒவ்வொரு துளியும் தனக்கென்று விதித்த மூடிய பாதையிலேயே செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டிருக்கிறது; பக்கத்துப் பாதைக்கு அது போவதே இல்லை. ஒன்றை நிறுத்தி மற்றொன்று, பிறகு அதை நிறுத்தி முந்தையது என்று மாறி மாறி இயக்கி, மாற்றும் இடைவெளியையும் போதிய அளவு நீட்டினால், அதே தொட்டியில், அதே இரண்டு சுழல்களால், துளிகளின் பாதைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, கேயாஸ் என்று கணித நூலார் கூறும் ஒழுங்கின்மை பிறக்கிறது; ஏடுகள் மடங்கு மடங்காக நீள்கின்றன. இடைவெளியை மிகக் குறைத்து அவசர அவசரமாக மாற்றினாலோ, இரண்டையும் ஒருசேர இயக்கியதற்கு அது சமமாகிவிடுகிறது, கலப்பும் போய்விடுகிறது. வேகத்தைத் தெய்வமாகக் கொண்டவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது நிதானமாகப் படிக்க வேண்டும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு, நிஜத் தொட்டியில் துடுப்பு போட்டால் இந்தச் செக்குமாடு வித்தை நடக்காது என்று ஆட்சேபிப்பார்கள். நடக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ முஸ்ஸியோவின் குழுவினர் 1990-களில், பாகுபோன்ற திரவம் நிரம்பிய சாதாரணத் துடுப்புத் தொட்டியில், அமிலத்தையும் காரத்தையும் நிறங்காட்டியையும் கொண்டே இதைப் படமாக்கினார்கள். நிதானமான சுழற்சியில் துடுப்புக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வளையங்கள், தலைச்சுமைக்காரர் தலையில் வைக்கும் சும்மாட்டைப் போன்ற உருவத்தில், நிறம் மாறாமல் நின்றன. சுற்றிலும் அமிலமும் காரமும் தீர்ந்துவிட்டன. வளையங்களுக்குள் மட்டும் பழைய திரவம் பழைய நிறத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. துடுப்பு ஒரே சீரான வேகத்தில் சுற்றுகிறவரை அந்தத் தீவுகள் நெடுநேரம் கரைவதில்லை. துடுப்பின் வேகத்தைச் சற்று நேரம் ஒரு விதமாகவும் சற்று நேரம் வேறு விதமாகவும் மாற்றி மாற்றி வைத்ததும் அவை குலைந்து கலந்தன.

மூன்றாவது கூற்றுத்தான் எல்லாவற்றிலும் அபாயமானது. கலப்பின் குறையால் நேரம் கூடுமே ஒழிய விளைபொருள் மாறாது என்பது. முதல் இரண்டும் வெறும் பிழைகள் என்றால், இது பணத்தையும் பொருளையும், மருந்து செய்கிற இடத்தில் நோயாளியின் நலத்தையும், பாதிக்கக்கூடிய பிழை. ஆகையால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஜான் போர்ன் என்பவரும் அவருடைய சகாக்களும் சாயத் தொழிலுக்குச் சொந்தமான ஒரு வினையை இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சியாக நிறுத்தினார்கள். நாப்தால் கரைந்த கரைசல் தொட்டியில் இருக்கிறது. அதில் டையசோ ஏற்றிய சல்ஃபானிலிக் அமிலத்தை மெல்ல மெல்லச் செலுத்துகிறார்கள். நாப்தால் மூலக்கூறு ஒன்று டையசோ மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு சாயம் பிறக்கிறது. அதை ஒற்றைச் சாயம் என்று அழைப்போம். அந்த ஒற்றைச் சாயம் மேலும் ஒரு டையசோவைப் பிடித்துக்கொண்டால் வேறொரு சாயம். அதை இரட்டைச் சாயம் என்போம். இரண்டின் நிறமும் வேறு. ஆதலின் ஒளியைச் செலுத்தி அளந்தால் எது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். முதல் இணைப்பு இரண்டாவதைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு விரைவானது. நாப்தாலும் சற்று மிகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் வேகவியல் நூலைத் திறந்து கணக்குப் போட்டால் கிடைக்கும் விடை என்ன? கிட்டத்தட்ட முழுவதும் ஒற்றைச் சாயமே. இரட்டைச் சாயம் இருந்தும் இல்லாதது போல.

தொட்டியைத் திறந்து பார்த்தால் இரட்டைச் சாயம் கணிசமாகக் கிடக்கிறது!

மூலக்கூறுகள் தங்கள் சுபாவத்தை மாற்றிக்கொண்டனவா? இல்லை. டையசோ உள்ளே நுழைந்த இடத்தில் அது முதலில் ஒரு தடித்த ஏடாகவே கிடக்கிறது. அதன் ஓரத்திலுள்ள நாப்தால் அத்தனையும் இமைப்பொழுதில் ஒற்றைச் சாயமாகிவிடுகிறது. புதிய நாப்தால் வெளியிலிருந்து விரவி வரவேண்டும். வருவதற்குள், ஏட்டின் விளிம்பில் டையசோவுக்கு அண்டை வீட்டுக்காரனாக நிற்பது ஒற்றைச் சாயம் மட்டுமே. அதைவிட விரைவான துணை தொட்டியில் ஏராளமாக உண்டுதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. எனவே மந்தமான இரண்டாம் வினை, போட்டியில்லாத இடத்தில், தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. ஏடு எவ்வளவு விரைவாக மெலிந்ததோ அவ்வளவு குறைவாக இரட்டைச் சாயம். எவ்வளவு தாமதமாக மெலிந்ததோ அவ்வளவு மிகுதியாக. டையசோவைத் துடுப்பின் அருகே, திரவம் மிக வன்மையாக இழுபடும் இடத்தில், செலுத்தினால் இரட்டைச் சாயம் குறைகிறது. மேற்பரப்பின் அருகே சாவகாசமாக ஊற்றினால் கூடுகிறது. சரக்கு அதே, அளவு அதே, வெப்பம் அதே, துடுப்பின் வேகமும் அதே. ஊற்றிய இடம் மட்டும் வேறு. விளைந்த பொருளும் வேறு!

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இரட்டைச் சாயம் ஒரு முறை பிறந்துவிட்டால், பிறகு எத்தனை மணி நேரம் கலக்கினாலும் அது ஒற்றைச் சாயமாகத் திரும்பாது. டெய்லரின் திட்டைப் பின்னோக்கிச் சுற்றி மீட்டுவிடலாம். போர்னின் சாயத்தை மீட்க முடியாது. கடைசியில் தொட்டி எங்கும் ஒரே நிறமாக, அப்பழுக்கில்லாத சமநிலையில் காட்சியளிக்கும். ‘பாருங்கள், நன்றாகக் கலந்திருக்கிறது’ என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொள்வார். முதல் சில கணங்களில் திரவம் எப்படி இழுபட்டது என்பதன் சரித்திரம் அந்தச் சீரான நிறத்துக்குள்ளேயே எழுதப்பட்டுக் கிடக்கும். ஆராய்ச்சிச் சாலையில் அரை லிட்டர் குடுவையில் சுத்தமாக விளைந்த பொருள், பெருந்தொட்டிக்குப் போனதும் வேண்டாத உபபொருளைச் சுமந்துகொண்டு வருவது இதனால்தான். தொட்டி பெரிதானால் அதே நீட்சிக்கு அதிக நேரம் பிடிக்கிறது. மூலக்கூறுகளோ தொட்டியின் அளவை விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. இரசாயனியைக் கூப்பிட்டு வினையூக்கியை மாற்றச் சொல்வதற்கு முன்னால், குழாயின் வாயைத் துடுப்பருகே நகர்த்திப் பார்ப்பது மலிவான வைத்தியம்.

‘திரவத்தின் ஒவ்வொரு துளியும் எப்படி இழுபட்டது என்று யார் கணக்கெடுப்பது? கணக்கெடுக்க முடியாததைச் சமன்பாட்டில் எப்படிச் சேர்ப்பது?’ என்று அபிப்பிராயக்காரர் இப்போது அரணைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்த அரணும் விழுந்துவிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹேவர்ஃபோர்டு என்னும் சிறு கல்லூரியில் ஜெரி காலப் என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். மின்சாரம் பாயக்கூடிய திரவத்தை மெல்லிய படலமாகப் பரப்பி, அடியில் காந்தங்களை வரிசையாகவோ தாறுமாறாகவோ பதித்து, திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், துடுப்பே இல்லாமல் திரவம் சுழல்களாக அசைந்தாடும். அதில் தூவிய நுண்துகள்களைப் படமெடுத்துப் பின்தொடர்ந்து, திரவம் எந்த இடத்தில் எத்தனை மடங்கு நீண்டது என்ற வரைபடத்தை 2002-இல் கிரெக் வோத், ஜார்ஜ் ஹாலர் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டார். நீட்சி எங்கும் ஒரே அளவாக இல்லை. அது கூர்மையான கோடுகளில் குவிந்து கிடந்தது. திரவத்தில் இட்ட சாயத்தின் கோலமும் அந்தக் கோடுகளின் போக்கிலேயே படிந்தது.

அடுத்து, 2006-இல், பாலோ அராஷியாவும் அவரும் அதே படலத்தில் விரைவான வினை ஒன்றை நடத்தி, ஒளிரும் சாயத்தின் துணையால் அதன் முன்னேற்றத்தை இடம் இடமாக அளந்தார்கள். காந்தங்களின் அமைப்பை மாற்றினார்கள். ரெனால்ட்ஸ் எண்ணை மாற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் துளிகள் நகரும் தூரத்தை மாற்றினார்கள். விளைபொருள் பரவிய கோலம் ஒவ்வொன்றிலும் வேறுவேறாக இருந்தது. ஆயினும் மொத்தத்தில் எவ்வளவு விளைந்தது என்பதை ஒரே ஒரு எண்ணால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. ஒரு சுற்றில் அண்டையிலுள்ள இரு துளிகள் எத்தனை மடங்கு விலகிப்போகின்றன என்பதை மடக்கையில் எடுத்துச் சராசரி கண்டால் கிடைக்கும் லியாபுனோவ் எண்ணை, சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது எதுவோ அதுதான் அந்த எண். நீட்சியின் கணக்குத்தான் அது, வேறொன்றுமில்லை. முடியாது என்றதை ஒரு கல்லூரியின் மேசைமேல் முடித்துக் காட்டிவிட்டார்கள். சமன்பாட்டில் இனியும் அதற்கு இடம் மறுப்பது பிடிவாதமாகுமேயன்றி வாதமாகாது.

என் பக்கத்திலேயே நின்று மிகைப்படுத்தும் நண்பர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீட்சி நல்லது என்றால் எவ்வளவுக்கெவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று அவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். சில வினைகள் தீயைப்போலத் தங்களைத் தாங்களே வளர்த்துக்கொள்பவை. பற்றிக்கொள்ள ஒரு குறைந்தபட்சச் செறிவு அவற்றுக்கு வேண்டும். அத்தகைய வினையின் பொறியொன்றை ஒழுங்கற்ற ஓட்டத்தில் இட்டால், ஓட்டம் அதை இழையாக நீட்டி மெலிதாக்குகிறது. மெலிய மெலிய விரவுதல் அதைச் சுற்றுப்புறத்தில் கரைத்து நீர்த்துப்போகச் செய்கிறது. வினை தன்னை வளர்த்துக்கொள்ளும் வேகம் நீட்சியின் வேகத்துக்கு ஈடுகொடுத்தால் பொறி தொட்டி முழுதும் பரவும். ஈடுகொடுக்க முடியாமற்போனால் அணைந்துவிடும். அளவோடு கலக்கினால் வளர்ப்பதும் அளவு மீறினால் கொல்வதும் ஒரே சலனம்தான். சோல்டான் நாய்ஃபெல்ட் என்ற ஹங்கேரிய விஞ்ஞானி 2001-இல் இதைக் கணிதத்தால் காட்டியிருக்கிறார்.

துடுப்பே இல்லாத இடம் ஒன்றையும் பார்த்துவிடுவோம். மண்ணின் இடுக்குகளில் ஊர்ந்து செல்லும் நிலத்தடி நீரில் கலந்த மாசு, எதிர்வரும் பொருளோடு எவ்வளவு விரைவில் வினை புரிந்து அழியும் என்று மதிப்பிடும்போது, ஆராய்ச்சிச் சாலைக் குடுவையில் அளந்த வேகத்தை எடுத்து அப்படியே போடும் வழக்கம் இருக்கிறது. 2002-இல் சார்லஸ் ஹார்வி முதலியோர் ஒளி ஊடுருவும் துகள்கள் நிரப்பிய பெட்டியில் நீலத் துத்தக் கரைசலை நகரவிட்டு, அதை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஈடிடிஏ உப்பின் கரைசலைச் சந்திக்கச் செய்தார்கள். வழக்கமான கணக்கு ஆரூடம் சொன்ன அளவுக்கு விளைபொருள் விளையவில்லை. பெரிய அளவில் பார்த்தால் இரண்டு கரைசல்களும் ஒன்றன்மேல் ஒன்று பரவிக் கலந்துவிட்டன என்றே தோன்றியது. இடுக்குகளின் அளவில் அவை இன்னும் தனித்தனி விரல்களாகவே நின்றன. பரவியதையெல்லாம் கலந்ததாக எண்ணிக்கொண்ட கணக்கு அது. அந்தக் கணக்கை நம்பி ஒரு கிணற்றைச் சுத்தமானது என்று அறிவிக்க எனக்குத் துணிவு வராது.

பாடநூல் எழுதுவோரிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. ‘நன்றாகக் கலக்கப்பட்ட கலம்’ என்று எழுதுகிற ஒவ்வோர் இடத்திலும், அதே வரியில், கலக்கப் பிடிக்கும் காலத்தை வினைக்குப் பிடிக்கும் காலத்தால் வகுத்த எண்ணையும் எழுதிவிடுங்கள். அதற்கு டாம்கோலர் எண் என்று பெயர். 1930-களிலேயே ஜெர்மனியில் கெர்ஹார்ட் டாம்கோலர் அதைக் கணக்கில் கொண்டுவந்துவிட்டார். ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் சிரமம் யாருக்கும் இல்லை. ஒரு விநாடியில் கலக்கப்படும் குடுவையில், எஸ்டரைச் சிதைக்கும் வினைக்கு அது தொண்ணூறில் ஒன்றாக வரும்; பியூரெட்டிலிருந்து விழுந்த அந்தச் சொட்டுக்கு நூறு கோடிக்கு மேல் வரும்.